பள்ளிக்கூடத்துப் பின்சுவர்

"லம்ரியா எந்த வகுப்பு படிக்கிறா டீச்சர்?" என்று கேட்டாள் புதிதாக வந்தவள்.

கேட்டவள் மேல் குற்றமில்லை. மலையிலிருந்து பிழைக்க வந்த எங்கள் படாக் ஜனங்களிடையே ஒரு பெண்ணுக்கு முதல் பிள்ளை பிறந்துவிட்டால் அவளுடைய சொந்தப் பெயரை ஊர் அன்றோடு மறந்துவிடும். பெற்றவர்கள் ருஸ்மிடா என்று வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லார் வாய்க்கும் அவள் லம்ரியா அம்மா. அவள் கணவன் மங்காசி, லம்ரியா அப்பா. கேட்டவளும் அதே வழக்கப்படி கில்பர்ட் அம்மாதான். மலைநாட்டிலிருந்து சட்டிபானையோடு லாரியில் வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மகனை அடுத்த சேர்க்கைக்குக் கேட்டுவைக்க அழைத்துவந்திருந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட வந்திருந்த மற்ற அம்மாக்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மகளின் சட்டைப் பொத்தானை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"படிக்கல," என்றாள் ருஸ்மிடா. "பின்னாடி இருக்கா."

"பின்னாடின்னா, ஹாஸ்டல்லயா?"

"கட்டடத்துக்குப் பின்னாடி. கில்பர்ட்டுக்கு மூக்கு ஒழுகுது பாருங்க, துடைச்சு விடுங்க."

பிறகு யாரோ அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஓதியிருக்க வேண்டும். மறுநாள் அவள் ஒரு தூக்கில் மஞ்சள் போட்ட கெண்டைமீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். ருஸ்மிடாவுக்கு இது பழகிப்போயிருந்தது. புதுக்குடும்பம் ஒவ்வொன்றும் வந்தவுடன் அந்தக் கேள்வியைக் கேட்கும், மறுநாள் ஏதாவது சமைத்துக்கொண்டு வரும்.

எங்கள் ஊர் சிம்பாங் மெரந்தியில் கிழவர்களே கிடையாது. சதுப்புக் காட்டை எரித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது வந்தவர்கள் எல்லாரும் அப்போதுதான் கல்யாணமான ஜோடிகள். செம்பனை காய்க்கத் தொடங்கியதும் அவர்களுடைய தம்பிகள் வந்தார்கள், தம்பி பெண்டாட்டிகளின் தங்கைகள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கத்தைவிடக் குழந்தைகளின் அழுகைதான் ஓங்கிக் கேட்கும். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் பற்றாமல் போதகர் சிபுரியான் பாதியில் இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்ன நாளும் உண்டு. பேறுகாலம் பார்ப்பவள் ஒருத்திதான். அவள் உட்கார்ந்து சோறு தின்று யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஊர் சாவைப் பற்றி யோசிக்குமா? கோயிலுக்கு இடம் விட்டார்கள். கள்ளுக்கடைக்கு அதைவிட நல்ல இடமாகப் பார்த்து விட்டார்கள். சீட்டாடும் கொட்டகைக்குக்கூட இடம் இருந்தது. கல்லறைக்கு ஒரு முழம் ஒதுக்கவில்லை. சம்பாதிக்கத்தானே வந்தோம், சாகவா வந்தோம்? பேரன் பேத்தி எடுத்து, மேளம் கொட்டி, எருமை வெட்டி, பாட்டன் பூட்டன் படுத்திருக்கும் மலையில் போய்ப் படுத்துக்கொள்வோம் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். அந்தக் கணக்கில் சின்னப் பிள்ளைகள் வரவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியதே லம்ரியாவுக்காகத்தான். அரசாங்கப் பள்ளி எண்ணெய் ஆலைக்கு அப்பால், லாரிகள் பறக்கும் சாலையில் வெகுதூரம். ருஸ்மிடா ஊரில் ஆசிரியப் பயிற்சி படித்தவள். கோயிலை ஒட்டித் தகரம் இறக்கி, நான்கு பெஞ்சு போட்டு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தாள். முதல் பெஞ்சின் ஓரத்தில் அவள் மகள். அந்த வருஷத்து அடைமழையில் ஆற்றுப் பாலம் மூழ்கியது. மகளுக்குக் காய்ச்சல் வந்ததும் அப்போதுதான். தண்ணீர் வடிந்து வண்டி வந்தபோது வண்டிக்கு வேலையில்லை.

கல்யாணம் ஆகாமல், பிள்ளை பெறாமல் போனவர்களுக்கு எங்கள் வழக்கத்தில் மேளம் இல்லை, விருந்து இல்லை, தாய்மாமன் போர்த்தும் உலோஸ் துணியும் இல்லை. அப்படியிருக்க, ஒரு சின்னப் பெட்டியை மலைவரைக்கும் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வைப்போம்மா, நம்ம இடம்தானே, கண்ணு முன்னாடியே இருப்பா," என்றார் அன்றைய போதகர். வைத்தார்கள். மங்காசி தன் கையாலேயே ஒரு சிலுவை செய்து நட்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

ஊருக்குப் பிறந்தது. தகரக் கொட்டகை பலகைக் கட்டடமாயிற்று, பலகை செங்கல்லாயிற்று. ஆறு வகுப்பு முடிந்ததும் நடுநிலைப் பள்ளி வந்தது. லுத்தரன் பள்ளி என்றால் கண்டிப்பு, பாட்டு, கணக்கு என்று பேர் பரவி, ஆலைக்கு அந்தப் பக்கத்து ஜாவாக்காரர்கள்கூடக் கேட்டு வந்தார்கள். பள்ளி வளர்ந்ததில் முதலில் பூரித்துப்போனவள் ருஸ்மிடாதான், அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். புதுக்குடும்பம் வந்தால் பெட்டி பிரிப்பதற்குள் போய் நிற்பாள். "பிள்ளைக்கு என்ன வயசு? என்கிட்ட விடுங்க." விட்டார்கள். ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் கம்பெனித் தோட்டம், ஒரு பக்கம் ஓடை. கட்டடம் நகர முடிந்த திசை ஒன்றுதான். பந்தாடும் இடம் போயிற்று, காய்கறிப் பாத்தி போயிற்று, கழிப்பறை இடம் மாறிற்று. இப்போது பின்சுவருக்கும் சிலுவைக்கும் நடுவே ஒரு துணிக்கொடி கட்டத்தான் இடம். அவள் தினமும் முதல் மணிக்கு முன் அங்கே போய்ச் சருகு கூட்டிவிட்டு வருவாள்.

அந்த வருஷத்துக் கட்டடக் கமிட்டிக் கூட்டம் ஆராதனை முடிந்து தொடங்கியது. கமிட்டித் தலைவர் சபை மூப்பர்களில் ஒருவர். யார் என்று கேட்டால் லம்ரியா அப்பா. எங்கள் ஆட்கள் கூட்டம் என்றால் விஷயத்துக்கு உடனே வர மாட்டார்கள். பெண் கொடுத்த குலத்துக்கு வணக்கம், பெண் எடுத்த குலத்துக்கு வணக்கம், கூடப்பிறந்த குலத்துக்கு வணக்கம், இரண்டு பழமொழி, ஒரு பாட்டு. ஆறிப்போன காப்பியை ஆளுக்கு இரண்டு முறை குடித்த பிறகு மூப்பர் நபாபான் வரைபடத்தை விரித்தார். பின்பக்கம் மூன்று அறை. அவர் விரல் சிலுவை இருக்கும் இடத்தின் மேலேயே போய்வந்தது. ஆனால் வரைபடத்தில் சிலுவை இல்லை.

"அந்த... அந்த விஷயத்தை மட்டும் லம்ரியா அப்பாகிட்டயே விட்டுடுவோம்," என்றார் நபாபான்.

மங்காசி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ருஸ்மிடா கெண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த விஷயம் மாமா? பேர் சொல்லுங்க. அவளுக்குப் பேர் இருக்கு. என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறீங்க?"

"கோபப்படாதம்மா. மாடி கட்டலாம்னு பார்த்தோம். இந்த மண்ணு தாங்காது. இருக்கிற சுவரே வெடிச்சிருக்கு, நீ பார்க்கலையா?"

"அப்ப கட்டாதீங்க."

"கட்டாம? போன வருஷம் கெபாடியா டீச்சர் வகுப்புல பிள்ளைங்க சன்னல் திண்டுல உட்கார்ந்து படிச்சுது. நீதான் வீடு வீடா போய்க் கூட்டிட்டு வந்தே. கூப்பிட்டு வந்துட்டு இப்ப இடமில்லைன்னா எப்படி?"

அவர் சொன்னது முழு உண்மை. உண்மையைச் சொல்பவன் மேல் வருகிற கோபம் பொய்யன் மேல்கூட வராது. போதகர் சிபுரியான் எழுந்து சமாதானம் பண்ணினார். அவர் கெட்டவரில்லை, யாரையும் பகைக்காமல் காலம் தள்ளுகிறவர். "இந்த வருஷம் முதல் வகுப்புக்கு எத்தனை பேர் வராங்கன்னு பார்ப்போம். இருக்கிற அறையில அடங்கினா அடுத்த வருஷம் யோசிக்கலாம். அடங்கலைன்னா, தேவசித்தம்."

முதல் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறவள் ருஸ்மிடா.

அரசாங்கம் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறது. செம்பனைக்கு நடுவில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? எங்கள் பள்ளியில் கைதான் சான்றிதழ். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயசாகிவிட்டது, பெஞ்சில் உட்காரலாம். தொடாவிட்டால் போய்ச் சாப்பிட்டு வளர்ந்து அடுத்த வருஷம் வா. சேர்க்கைக்கு முன் ஒரு மாதம் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிள்ளை தலையைச் சுற்றிக் கையை வளைத்துக்கொண்டு நிற்கும்.

அன்று காலையில் வரிசை கோயில் வாசலைத் தாண்டிப் போயிற்று. முதல் சில பிள்ளைகளை அவள் ஒழுங்காகத்தான் பார்த்தாள். பிறகு ஒரு சிறுமி வந்தாள், விரல் நுனி காதின் மேல் விளிம்பில் பட்டும் படாமல் நின்றது. ருஸ்மிடா அவள் நெற்றியில் கையை வைத்து, "தலையை நேரா வை கண்ணு," என்று லேசாக ஒரு பக்கம் சாய்த்தாள். விரல் காதைவிட்டு நழுவியது. "அடுத்த வருஷம் வா." அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு பிள்ளைக்குத் தலை, ஒரு பிள்ளைக்கு முழங்கை. அம்மாக்கள் தங்கள் பிள்ளையைத்தான் திட்டினார்கள். "வீட்டுல தொட்டியேடா!"

கில்பர்ட் காதைத் தொட்டதோடு நிற்காமல் அதைப் பிடித்து இழுத்தும் காட்டினான். "தொட்டுட்டேன் டீச்சர்!"

"இல்ல. தலையைச் சாய்ச்சே. நேரா வை." அவள் கை அவன் தலையை நேராக்கவில்லை, எதிர்ப்பக்கம் சாய்த்தது. "பாரு, எட்டல."

பையன் அவளைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். டீச்சர் பொய் சொல்வாள் என்று அந்த வயசில் யாருக்குத் தோன்றும்? கைமேல்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

கில்பர்ட் அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. "எட்டிச்சு டீச்சர். நான் பார்த்தேன்."

"நான்தான் டீச்சர், நீங்க இல்ல."

"குழம்பு கொண்டுவந்து குடுத்தப்ப வாங்கிக்கிட்டீங்க. என்ன பாவம் பண்ணான் எம்புள்ள? பிள்ளை இருக்கிற வீட்டைப் பார்த்தா உங்களுக்கு..." என்று தொடங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டு பையனை இழுத்துக்கொண்டு போனாள். பாதியில் விட்ட வார்த்தையை ருஸ்மிடாவே மனசுக்குள் முடித்துக்கொண்டாள். வலித்தது. ஆனால் அன்று சேர்ந்த பிள்ளைகள் இருக்கிற அறைகளில் அடங்கினார்கள், கடைசி பெஞ்சு காலியாகக்கூட இருந்தது. சாயங்காலம் பின்னால் போய் அந்தச் சிலுவையின் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருஷம் கிடைத்துவிட்டது.

மங்காசிக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. கள்ளுக்கடையில் எவனோ சொல்லியிருக்கிறான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எட்டின பிள்ளையை எட்டலைன்னு அனுப்பினியாமே?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆமா."

"மூப்பர் வீட்டுல இருந்துக்கிட்டு பொய் சொல்றியா ருஸ்மி? அதுவும் குழந்தைங்ககிட்ட?"

"நீங்க மேசையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க. யாராவது ஒருத்தர் ஏதாவது செய்யணும்ல."

"எனக்கு மட்டும் மனசு கல்லா? அந்தப் பெட்டிக்கு ஆணி அடிச்சவன் நான். வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கதான் கண்ணு போகுது. ஊரு பிள்ளைங்க எங்க படிக்கும், சொல்லு? நான் என்ன பண்ணட்டும்?"

"தெரியல," என்றாள் அவள். "எனக்குத் தெரியல. அவளைத் தொடாதீங்க. அதுமட்டும் தெரியுது."

அவன் சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனாலும் அவன் அவளை ஊரில் காட்டிக்கொடுக்கவில்லை.

திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். மீதிப் பேரை அரசாங்கப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கை எட்டினாலும் எட்டாவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். போவதுதான் பாடு. பழம் ஏற்றி ஆலைக்குப் போகும் லாரிகளின் மேல் பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைப்பார்கள். செம்பனைக் குலை என்றால் முள் தவிர வேறில்லை. அதன்மேல் சாக்கு போட்டு, சாக்கின்மேல் பிள்ளை.

ஒரு காலை ருஸ்மிடா சாலையோரமாகப் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தாள். எதிரே குலுங்கிக் குலுங்கி ஒரு லாரி வந்தது. குலைகளின் உச்சியில், கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கில்பர்ட். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"டீச்சர்! டீச்சர்! எனக்குக் கை வளர்ந்துடுச்சு!"

கயிற்றை விட்டான். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்துக் காதைப் பிடித்துக் காட்டினான். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, பையன் ஒரு பக்கமாகச் சரிந்தான். ருஸ்மிடா போட்ட கூச்சல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. பக்கத்தில் இருந்த பெரிய பையன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். லாரி நிற்கவில்லை. தூசிக்குள் அந்தக் கை இன்னும் காதைப் பிடித்தபடி இருந்தது, டீச்சர் பார்த்தாளா இல்லையா என்ற கவலை அவனுக்கு.

அவள் பள்ளிக்குப் போகவில்லை. நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். அவர் பனியனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்க ஐயா," என்றாள். "அறையைக் கட்டுங்க. நான் அனுப்பின பிள்ளைங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கை எட்டிச்சு. நான்தான் எட்டலைன்னு சொன்னேன்."

போதகர் எழுந்து சட்டையைத் தேடினார். "உட்காரும்மா முதல்ல."

"உட்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அவளைச் சும்மா மண்ணு அள்ளுற மாதிரி அள்ளக் கூடாது. என் தம்பி வரணும். தாய்மாமன் கையால எலும்பை எடுத்து, உலோஸ்ல வெச்சு, மஞ்சத்தண்ணியில கழுவி, அவங்க தாத்தா பக்கத்துல கொண்டுபோய் வைக்கணும். பெரியவங்களுக்குச் செய்யிற மாதிரி."

மூப்பர் நபாபானுக்கு இது பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு அப்படியொரு சடங்கு எங்கே இருக்கிறது, இன்றைக்கு இதற்குச் செய்தால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றார். மங்காசி அவர் எதிரே போய் நின்றான். ஊரில் யாரும் அவன் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"மூணு அறை வேணும்னீங்க, குடுத்துட்டோம். என் மச்சான் வருவான். அதுக்கும் நீங்க கணக்குப் பார்த்தா, நான் மூப்பர் அங்கியைக் கழற்றி உங்க வாசல்லயே போட்டுட்டுப் போயிடுவேன்."

மலைக்குச் சொல்லியனுப்பினார்கள்.

தம்பி ஜோங்கி மலையிலிருந்து பஸ்ஸில் வந்தான். லம்ரியா பிறந்தபோது அவளைத் தூக்கிவைத்துப் பாடியவன். செத்தபோது பாலம் மூழ்கியிருந்ததால் வர முடியாமல் போனவன். நெசவுக்காரியிடம் சொல்லி வைத்து வாங்கிய உலோஸ் ஒன்று, எலுமிச்சை, புது மஞ்சள், ஒரு சின்னப் பெட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான். பெட்டிக்கு வெள்ளை வர்ணம் அடித்திருந்தது. "அளவு தெரியலக்கா," என்றான். "அவ எவ்வளவு உயரம் இருந்தான்னு நினைச்சு நினைச்சுப் பார்த்தேன்." அக்கா அவன் தோளில் தலையை வைத்து அழுதாள். அழுகையில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இத்தனை வருஷம் கழித்து மகளை இன்னொரு முறை கையில் வாங்கப் போகிறோம் என்ற எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. எப்படி இருந்தாலும் சரி, எவ்வளவு இருந்தாலும் சரி, அது அவளுடையது.

மறுநாள் காலையில் பள்ளி நடந்துகொண்டிருந்தது. முன்பக்கத்து வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டது. போதகர் ஜெபம் பண்ணினார். ஜோங்கி வழக்கப்படி முதல் மண்வெட்டி போட்டான். பிறகு மங்காசி வாங்கிக்கொண்டான். ருஸ்மிடா மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேல்மண் போயிற்று. அதற்குக் கீழே கறுத்த மண், ஊறிய காப்பித்தூள் மாதிரி. முழங்கால் ஆழத்தில் தண்ணீர் கசிந்தது, அதுவும் கறுப்பு. மங்காசி மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினான், பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து. இடுப்பளவு ஆழம் போயிற்று. பலகை வரவில்லை. ஆணி வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

"இடம் தப்பு," என்றான். "கழிப்பறை கட்டும்போது சிலுவையை யாரோ நகர்த்தியிருக்காங்க."

"இந்தப் பக்கமா இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம்," என்றார் ஒருவர். "இல்ல, ஓடைப் பக்கம்," என்றார் இன்னொருவர். மூப்பர் நபாபான் தானே கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். "எங்க தாத்தாவை அத்தனை வருஷம் கழிச்சு எடுத்தப்ப பல்லுகூட வரிசையா இருந்துச்சு," என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு தோண்டினார்.

அதுதான் எங்கள் முட்டாள்தனம். மலையில் எங்கள் மண் கல்லும் சரளையும், எலும்பை வைத்துக் காத்து, பேரன் பிள்ளைகள் வந்து கேட்கும்போது வெள்ளை வெளேரென்று எடுத்துக் கொடுக்கும். எலும்பு காத்திருக்கும் என்று பாலோடு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இது சதுப்பு மண், புளித்த மண். வேலிக்கு நட்ட கட்டையை இரண்டு வருஷத்தில் தின்றுவிடுகிறது என்று இந்த மண்ணைத் திட்டாதவன் ஊரில் இல்லை. வேலிக்கட்டையை நினைத்தோம், அவளை நினைக்கவில்லை. ஐந்து வயசுக் குழந்தைக்கு எலும்பு என்று என்ன பெரிதாக இருந்திருக்கும்?

மத்தியானம் ஆயிற்று. அங்கே இங்கே என்று தோண்டித் தோண்டிக் குழி நீண்டுகொண்டே போயிற்று. போதகர் கரையில் நின்று பைபிளை மூடினார், திறந்தார், மூடினார். ஜோங்கி காலையிலிருந்து உலோஸை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தான். கீழே வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"மச்சான், மேல வாங்க," என்றான் கடைசியில்.

மங்காசி வரவில்லை. கறுத்த தண்ணீரில் கைகளை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ருஸ்மிடா சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். மண்தான். கொஞ்சம் தள்ளி அள்ளினாள். அதுவும் அதே மண்தான். எது மகள் மேல் கிடந்த மண், எது வெறும் மண் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"தம்பி," என்றாள். "இத்தனை வருஷமா தினமும் காலையில வந்து பேசிட்டு இருந்தேனே. யாருகிட்டடா பேசிட்டு இருந்தேன்?"

பிறப்புக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, வீடு குடிபோவதற்கு, எதற்கும் தாய்மாமன் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எங்களிடம் இருக்கின்றன. ஜோங்கி அவற்றையெல்லாம் அறிந்தவன். அவன் விரித்த உலோஸை மெல்ல மடிக்கத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து சேர்ந்தார். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர், இளம் வயசு. கையில் நூல்கண்டும் முளைக்குச்சிகளும். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குழியைச் சுற்றி வந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் அளந்து, மனசாரச் சிரித்தார்.

"அட, நீங்களே தோண்டிட்டீங்களா அண்ணே! அஸ்திவாரத்துக்கு இந்த ஆழம் போதும், நாளைக்கே கம்பி கட்டிடலாம்."

நபாபான் தலையைத் திருப்பிக்கொண்டார். மங்காசி கையூன்றி மேலே ஏறி, கரையில் உட்கார்ந்து, சேறு பிடித்த உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு அழுதான். ஊருக்கே கேட்கும்படி அழுதான். முன்பக்கத்தில் வாய்ப்பாடு நின்றது. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் சுவரோரம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். போதகர் அவர்களை விரட்டப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். மேஸ்திரி ஏதோ சரியில்லை என்று புரிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வேலை வேலைதானே என்று நினைத்தோ என்னவோ, ஒரு முளையை அடித்து நூலைக் கட்டி, அடுத்த முனைக்குக் கொண்டுபோனார்.

ருஸ்மிடா மேலே வந்து ஈர உடையோடு நின்றிருந்தாள். நூல் அவள் காலில் தட்டியது.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் மேஸ்திரி மரியாதையாக.

அவள் தள்ளி நின்றாள்.